ஒன்பது அங்குலக் குழாய்

அந்த வருஷம் யாரபிண்டியில் வானம் ஒரு சொட்டு இறக்கவில்லை. ஆற்றுப் படுகையில் ஆடு நடந்தால் புழுதிதான் பறந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் எங்கள் ஊர்க் கடையில் சக்கைப்போடு போட்ட சரக்கு எது தெரியுமா? மழைநீர் வடிகிற பிளாஸ்டிக் குழாய். ஒன்பது அங்குல அகலம், நாலடி நீளம், இரண்டு பக்கமும் அடைக்க இரண்டு மூடி. நாலடிக்கு மேல் வாங்கினவன் இல்லை, குறைத்து வாங்கினவனும் இல்லை.

செவ்வாயும் வியாழனும் அந்தக் கடையின் கல்லாவில் நிற்பவள் வெர்னா கௌலி. புருஷன் ராய் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஆயிரத்து எண்ணூறு ஆடுகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைச் சம்பளம் தீவனத்துக்கே போயிற்று. "கூரைத் தண்ணி வடியறதுக்கும்மா" என்பார்கள் குழாய் வாங்க வந்த ஆண்பிள்ளைகள். அவளும் சிரிக்காமல் ரசீது போடுவாள்.

நாலடிக் குழாய்க்குள் என்ன போகும் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதற்கு முந்தின வருஷம் தெற்கே டாஸ்மேனியாவில் ஒருத்தன் முப்பத்தைந்து பேரைச் சுட்டுத் தள்ளினான். அரசாங்கம் விழித்துக்கொண்டது. தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் வந்தது. செப்டம்பர் முப்பது சாயங்காலம் ஐந்து மணி வரை கெடு. அதற்குள் கொடுத்தால் விலை உண்டு, கேள்வி கிடையாது. அதற்குப் பிறகு கையில் அகப்பட்டால் கோர்ட்டு, கம்பி. ஆனால் எங்கள் குயின்ஸ்லாந்தில் அதுவரை நீளத் துப்பாக்கிக்குப் பதிவேடே கிடையாது. யார் வீட்டில் எது இருக்கிறது என்று போலீசுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். கொடுக்க மனசில்லாதவன் துருப்பிடிக்காமல் கிரீஸ் பூசி, குழாய்க்குள் அடைத்து, மண்ணில் புதைத்தான்.

வெர்னாவுக்குப் பக்கத்து நிலம் கிளாரி பாஸ்கோவுடையது. ஊர் ரைபிள் கிளப்புக்குத் தலைவன். பாதி நேரம் பேச்சு, மீதி நேரம் பெரிய பேச்சு. அவனிடம் ஒரு பட்டாளத்து ரைபிள் இருந்தது. எங்கள் பையன்கள் வியட்நாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அதே இனம். இருபது குண்டு பிடிக்கிற பெட்டி, மரக்கட்டை, தூக்குவதற்கு மேலே ஒரு கைப்பிடி. கிளாரி வியட்நாமுக்குப் போனவன் இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த குலுக்கலில் அவன் பிறந்த தேதி விழவில்லை, ராயின் தேதி விழுந்தது. ராய் ஒரு வருஷம் அந்த ரைபிளைச் சுமந்துவிட்டுத் திரும்பி வந்து, சாகிற வரைக்கும் அந்த இனத்தைத் தொடவில்லை. போகாதவன்தான் காசு கொடுத்து ஒன்றை வாங்கி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினான்.

சட்டம் வந்த புதிதில் மதுக்கடையில் மேசையைக் குத்தி, "என் பொணத்துக்கு மேலதான் எடுத்துட்டுப் போகணும்" என்றான். ஆறு மாதம் கழித்து அதே வாய், "அதை வடக்கே போன எவனோ ஒருத்தனுக்கு வித்துட்டேன், சட்டம்னா சட்டம்தான்" என்றது. அதோடு நிற்கவில்லை. துப்பாக்கி வாங்குகிற மேசையில் போலீசுக்கு உதவியாக உட்கார, மாடல் பார்த்துச் சொல்லவும் எண் எழுதவும், தானாகப் போய்ப் பெயர் கொடுத்தான்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அவனும் கல்லாவுக்கு வந்தான், குழாயும் இரண்டு மூடியுமாக.

"என்ன கிளாரி, உனக்கும் கூரைத் தண்ணியா?"

"உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? துட்டை வாங்கிப் போட்டுட்டு குழாயைக் குடு."

"கிரீஸ் டப்பா வேணாமா? எல்லாரும் சேர்த்துத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"நான் என்ன கேனையனா?" என்றான் கிளாரி. "குழாயும் கிரீஸும் ஒரே நாள்ல வாங்கறதுக்குப் பதிலா தெருவுல நின்னு கத்திட்டுப் போகலாம். நான் வாங்கறது நெசமாவே தண்ணிக்கு."

வெர்னா ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் எதைப் புதைத்தால் அவளுக்கு என்ன? ஊரில் பாதிப் பேர் புதைத்திருந்தார்கள். ஆகஸ்டு மாதம் மூன்றாவது சனிக்கிழமை வரை அவளுக்கு அதில் ஒரு அக்கறையும் இருந்ததில்லை.

அவளிடம் ஒரு நாய் இருந்தது. பிஸ்கட் என்று பெயர், நிறமும் அதேதான். ராய் குட்டியிலிருந்து பழக்கிய ஆட்டு நாய். வாயில் இரண்டு விரலை வைத்து அவள் ஒரு விசில் அடித்தால், முன்னூறு ஏக்கருக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கிற ஆடுகளைத் திரட்டிப் பட்டி வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டு அவள் முகத்தைப் பார்க்கும். அது இருந்ததால்தான் அவள் நிலத்தை விற்காமல் இருந்தாள். ராயை அடக்கம் செய்த மறு வாரத்திலிருந்து கிளாரி அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நாயைச் சங்கிலியில் போட மறந்துவிட்டாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. யாரோ கங்காரு சுடுகிறான் என்று நினைத்தாள். பத்து மணிக்கு எல்லை வேலி பக்கம் போனாள்.

எங்கள் பக்கத்தில் ஆட்டைக் கடிக்கிற காட்டுநாயைச் சுட்டால் பின்னங்கால்களைக் கட்டித் தலைகீழாக வேலிக் கம்பியில் தொங்க விடுவது வழக்கம். அது மற்றக் காட்டுநாய்களுக்கு எச்சரிக்கை என்பார்கள். அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது பிஸ்கட். கழுத்துப் பட்டை தலை வரை நழுவி வந்திருந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கிளாரி வண்டியில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வருவதைப் பார்க்க வேண்டும் என்றே காத்திருந்தான்.

"உன் நாய் என் ஆட்டுக்குட்டிங்களைத் துரத்திச்சு" என்றான். "என் நிலத்துல, என் கண்ணு முன்னால. சட்டம் என் பக்கம்."

"சுட்டே, சரி. கம்பியில எதுக்குடா கட்டுனே? இது காட்டுநாயா?"

"ஆட்டைக் கடிச்சா எல்லாம் காட்டுநாய்தான். இனிமே என்ன பண்ணப் போறே வெர்னா? ஆம்பளையும் இல்ல, இப்ப நாயும் இல்ல. பேசாம எனக்கு வித்துட்டு டவுன்ல ஒரு வீட்டைப் பார்த்துட்டுப் போ."

அவள் முடிச்சை அவிழ்த்து நாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். முன்னூறு கஜம். முதுகுக்குப் பின்னால் கிளாரி வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது, அவனுடைய சிரிப்பும்.

புதைப்பதற்கு முன்னால் நாயைக் குளிப்பாட்டினாள். ஈயோடும் ரத்தத்தோடும் மண்ணுக்குள் அனுப்ப அவளுக்கு மனசில்லை. வாயைத் திறந்து கழுவும்போதுதான் கை நின்றது. ஆட்டைத் துரத்திக் கடித்த நாயின் பல்லில் கம்பளி இழை சிக்கியிருக்கும். இதை இந்தப் பக்கத்துக் குழந்தை கூடச் சொல்லும். பிஸ்கட்டின் பல் சுத்தமாக இருந்தது. ஒரு இழை கிடையாது.

அப்புறம் முன்னங்கால்களைப் பார்த்தாள். நகத்துக்கு நகம் மண். எங்கள் ஊர் மண் செங்கல் பொடி மாதிரி சிவப்பு. நாயின் நகத்தில் இருந்ததோ கருப்பு, எண்ணெய் குடித்த கருப்பு. மூக்குக்குக் கீழே, தாடையில், வெள்ளையாக ஏதோ பிசுபிசுத்தது. தொட்டு முகர்ந்தாள். உருக்கிய ஆட்டுக் கொழுப்பு.

நனைந்த நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். குழாய் வாங்கினான், கிரீஸ் வாங்கவில்லை. வாங்கினால் ஊருக்குத் தெரியும் என்று பயம். அப்புறம் ரைபிளுக்கு எதைப் பூசினான்? வீட்டுக்கு அடிக்கிற ஆட்டின் கொழுப்பு அடுப்படியில் வாளி வாளியாகக் கிடக்கிறதே, அதைப் பூசினான். ஆடு வளர்க்கிறவனுக்குக் கை முதலில் அங்கேதான் போகும். நாய்க்கு மூக்கு என்று ஒன்று இருப்பது அந்த மகா புத்திசாலிக்கு நினைவே வரவில்லை. பிஸ்கட் போய்த் தோண்டியிருக்கிறது, அவன் பார்த்திருக்கிறான். குட்டியும் இல்லை, துரத்தலும் இல்லை. தன் குழியை மறைக்க நாயைக் கொன்றான். அந்தப் பொய்யை ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகக் கம்பியில் தொங்க விட்டான்.

அதுவரை அவளிடம் இருந்தது துக்கம். அந்த நிமிஷம் அது வேறொன்றாக மாறியது. "உன்னைச் சும்மா விட மாட்டேண்டா" என்று வாய் விட்டுச் சொன்னாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. பிஸ்கட்டின் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ராய் நட்ட மிளகு மரத்துக்குக் கீழே குழி வெட்டினாள்.

சார்ஜெண்ட் லிண்ட்ஸேயிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். லிண்ட்ஸே கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் போலீஸ் ஒருவர் வீட்டைச் சோதனை போடுவதற்கு முன்னால் போன் போட்டு, "வந்துக்கிட்டிருக்கேன் மாப்ளே, டீ போட்டு வை" என்று சொல்கிற போலீஸ். கிளாரியோடு பதினைந்து வருஷம் கிரிக்கெட் ஆடியவர். அவர் அங்கே போவதற்குள் ரைபிள் வேறு குழிக்குப் போயிருக்கும். அது மட்டும் இல்லை. கிளாரி கோர்ட்டில் நின்று அபராதம் கட்டிவிட்டு வந்தால், மதுக்கடையில் அவனுக்கு நாலு பேர் பீர் வாங்கிக் கொடுத்துத் தியாகி ஆக்கிவிடுவார்கள். வெர்னாவுக்கு அது வேண்டாம். வாயில்லா ஜீவனைக் கொன்றவன், எல்லோர் முன்னாலும் வாய் திறக்க முடியாமல் நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் சரி.

கருப்பு மண் கிளாரியின் நிலத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு. எல்லை வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில், பழைய கொட்டகைக்குப் பக்கத்தில், அவன் அப்பா காலத்து டிராக்டர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. முப்பது வருஷமாக அதன் வயிற்றிலிருந்து எண்ணெய் ஒழுகி மண் கறுத்துவிட்டது. இரும்புக்குக் கீழே புதைத்தால் உலோகம் தேடுகிற கருவி எதைக் கண்டு கத்துகிறது என்று எவனுக்கும் தெரியாது. தந்திரம்தான். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை ரைபிள் கிளப் போட்டி. தலைவன் இல்லாமல் அங்கே ஒரு குண்டு வெடிக்காது. அவன் மனைவி கடற்கரைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனவள் நாலு வருஷமாகத் திரும்பவில்லை. செப்டம்பரில் மூன்றாவது சனிக்கிழமை, தூரத்தில் கிளப் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்ததும், வெர்னா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் வேலி தாண்டினாள். ஒவ்வொரு வெடிச் சத்தமும் அவளுக்கு, அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று சொன்னது.

டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நாய் தோண்டிய பள்ளத்தை அவன் மூடி, மேலே ஒரு தகரத்தைப் போட்டிருந்தான். இரண்டடியில் குழாய் தட்டுப்பட்டது. கொழுப்பு கசிந்திருந்த மூடியில் பிஸ்கட்டின் பல் பட்ட தடம் இருந்தது. அதை விரலால் தடவியபோது அவளுக்குக் கண் நிறைந்தது. மூடியைத் திருகிக் கழற்றினாள். ஆட்டுக் கொழுப்பு வாடை குப்பென்று அடித்தது. ரைபிளை உருவிக் கம்பளிச் சாக்கில் சுற்றினாள். தனியாகப் பொதிந்திருந்த குண்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து பிஸ்கட்டின் கழுத்துப் பட்டையை எடுத்துக் குழாய்க்குள் போட்டாள். மூடியைத் திருகி, மண்ணைத் தள்ளி, தகரத்தை இருந்த மாதிரியே வைத்து, தோண்டிய தடம் தெரியாமல் நாலு கை ஆட்டுப் புழுக்கையைத் தூவிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் ரைபிளைச் சமையலறை மேசையில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ராயின் படம். இருபது வயசு, அதே இனத்து ரைபிள் மார்புக்குக் குறுக்காக, கண்ணில் தூக்கமே இல்லாத முகம். ஜன்னலுக்கு வெளியே நானூறு கஜத்தில், வேலிக்கு அப்பால், கிளாரி தண்ணீர்த் தொட்டி பக்கம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். குண்டுப் பெட்டி அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பொய் சொல்ல வேண்டாம், அவள் எழுந்து ரைபிளைத் தூக்கிக் கட்டையைத் தோளில் பதித்தாள். கிளாரியின் தொப்பி குறிமுள்ளின் உச்சியில் வந்து உட்கார்ந்தது. குண்டு ஏற்றவில்லை. ஆனாலும் விரல் விசைக்குப் போனது.

பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நின்றாள். பிறகு இறக்கிவிட்டாள். இரக்கம் ஒன்றும் இல்லை. செத்துவிட்டால் அவனுக்கு அவமானம் தெரியாதே, அது ஒன்றுதான் காரணம்.

செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். ஊர் மன்றத்தில் கடைசி நாள் கூட்டம். ஒரு பக்கம் பெண்கள் சங்கத்தார் டீயும் ஸ்கோன் ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாசலில் லாரி மேல் இரும்பு வெட்டுகிற இயந்திரம் நின்றது. ஒவ்வொரு துப்பாக்கியையும் மூன்று துண்டாகக் கத்தரித்துத் தொட்டியில் போட்டது. நடு மேசையில் சார்ஜெண்ட் லிண்ட்ஸே, பக்கத்தில் பேரேட்டோடு கிளாரி பாஸ்கோ. வெள்ளைச் சட்டை, கழுத்தில் கிளப் டை.

வெர்னா உள்ளே நுழைந்தபோது ஆல்ஃப் கோனெல்லிக் கிழவர் வாத்து சுடுகிற துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு வம்புக்கு நின்றிருந்தார்.

"ஏன்யா கிளாரி, எங்க கிட்டேல்லாம் வாங்கி வாங்கி வெட்டறியே, உன் பட்டாளத்து ரைபிள் எங்கே?"

"எத்தனை தடவை சொல்றது ஆல்ஃப்? போன வருஷமே வித்தாச்சு. சார்ஜெண்ட் கிட்டே எழுதியே குடுத்துட்டேன்."

"அவன் பேர் என்ன, வாங்குனவன்?"

"ஞாபகம் இல்ல. அடுத்த ஆளை விடு, கிழவா. ஐயோ, நம்ம வெர்னா! வாம்மா, வா. நிலத்தை எழுதிக் குடுக்கற ஆபீஸ் இது இல்ல, எதிர்ப் பக்கம்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெர்னா சாக்கு மூட்டையை மேசையில் வைத்தாள்.

"ராய் வெச்சிருந்ததாம்மா?" என்று கேட்டார் லிண்ட்ஸே மரியாதையாக.

"ராய் அவர் ரைபிளைப் பட்டாளத்துலயே விட்டுட்டு வந்தவரு சார்ஜெண்ட். பிரிச்சுப் பாருங்க."

லிண்ட்ஸே சாக்கைப் பிரித்தார். மூக்கைச் சுளித்தார். "என்னம்மா இது, ஞாயித்துக்கிழமைச் சமையல் வாசனை வருது?"

"ஆட்டுக் கொழுப்பு!" என்றார் ஆல்ஃப், எட்டிப் பார்த்து. "குழாயில புதைச்சவன் எவனோ கிரீஸுக்குத் துட்டு செலவு பண்ண மனசு வராத கஞ்சப் பய."

இந்தத் தடவை கூடம் முழுக்கச் சிரித்தது. கிளாரி சிரிக்கவில்லை. ரைபிளைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், மறுபடி ரைபிளைப் பார்த்தான். அவன் ரைபிள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறதே. இது வேறாகத்தான் இருக்க வேண்டும். அப்படி அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவன் நெற்றியில் வேர்வையாகத் தெரிந்தது.

"கிளாரி, மாடலைச் சொல்லு, நம்பரைப் படி" என்றார் லிண்ட்ஸே.

கிளாரி ரைபிளைத் தன் பக்கம் திருப்பினான். கட்டையின் அடியில் ஒரு பழைய கீறல். அதில் அவன் கட்டை விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. மாடலை முனகினான். பிறகு எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதினான். ஏழு இலக்கமும் தடங்கல் இல்லாமல் வந்தன.

லிண்ட்ஸே ரைபிளை இழுத்துப் பார்த்தார். எண் இருக்கிற இடத்தில் கொழுப்பு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். எண்ணைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார்.

"ஏம்ப்பா கிளாரி" என்றார் மெதுவாக. "துடைக்காமலே படிச்சுட்டியே."

டீ ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் கெண்டியை நிமிர்த்தினாள். வெளியே இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கே கிடைச்சதுன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றார் லிண்ட்ஸே. "கேக்கலை."

"நீங்க கேக்காட்டியும் நான் சொல்றேன்" என்றாள் வெர்னா. கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "என் நாய் கண்டுபிடிச்சது. ஆட்டுக் கொழுப்பு மோப்பம் பிடிச்சுத் தோண்டியிருக்கு. எந்த நாள்னு சொல்லட்டுமா? கம்பியில தலைகீழாத் தொங்கின நாள். நகத்துல கருப்பு மண்ணு, மூஞ்சியில இதே கொழுப்பு. நான்தான் கழுவுனேன்."

பிஸ்கட் கம்பியில் தொங்கியது ஊருக்கே தெரியும். ஆட்டைக் கடித்தது என்று கிளாரி சொன்னதை ஊரே நம்பி, அவளைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கருப்பு மண் எவன் டிராக்டருக்கு அடியில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெர்னா மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"இது யாருதுன்னு தெரிஞ்சா சொல்லிடு கிளாரி. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. என்னுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், விலையும் தருவாங்க, கேஸும் கிடையாது. சொல்லேன்."

அவன் வாய் திறந்தது. என்னுது என்றால், நாயை எதற்குக் கொன்றான் என்பதையும் அதே மூச்சில் சொன்ன மாதிரிதான். கிளப்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆல்ஃப் கிழவர் கையில் ஸ்கோனோடு பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாய் ஒரு தடவை மூடி, மறுபடி திறந்தது.

"தெரியாது" என்றான்.

"கேக்கலைடா, சத்தமாச் சொல்லு" என்றார் ஆல்ஃப்.

"எனக்குத் தெரியாதுன்னேன்!"

அந்தச் சொல் வெர்னாவின் காதில் விழுந்த சுகம் இருக்கிறதே, அதை மறைக்க அவள் முயலவே இல்லை. முகம் மலர்ந்தது.

"யார் குடுத்ததுன்னு எழுதணும்மா" என்றார் லிண்ட்ஸே. "உங்க பேரைப் போடலாமா? விலை உங்களுக்கு வரும்."

"எனக்கு விலை வேணாம். குடுத்தது பிஸ்கட். அப்படியே எழுதச் சொல்லுங்க."

லிண்ட்ஸே கிளாரியின் பக்கம் திரும்பினார். பதினைந்து வருஷச் சிநேகம் அந்தப் பார்வையில் இல்லை.

"எழுது" என்றார். "பிஸ்கட்."

எழுதினான். முதலில் எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. மேசைக்காரன்தான் துப்பாக்கியை லாரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. எழுந்து, பதினெட்டு வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். வெள்ளைச் சட்டையில் ஆட்டுக் கொழுப்பு அப்பிற்று. வெர்னா பின்னாலேயே போய் லாரி பக்கத்தில் நின்றுகொண்டாள். முதல் வெட்டில் குழல். இரண்டாவது வெட்டில் நடு உடம்பு. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் கண் சுருங்கியதைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை முழுசாகப் பார்த்தாள்.

ஸ்கோன் இரண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெராந்தாவில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு எல்லைக்கு அப்பால் கிளாரியின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நேரே டிராக்டர் பக்கம் போனது. அவளுக்குத் தெரியும், ஒரு நப்பாசை இருக்கும். அவன் டையைக் கூடக் கழற்றாமல் தோண்டினான். குழாயை வெளியே இழுத்து மூடியைத் திருகித் தலைகீழாகக் கவிழ்த்தான். என்ன விழுந்தது என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். வெர்னா எழுந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். முன்னூறு ஏக்கருக்குக் கேட்கிற விசில். கிளாரி திடுக்கிட்டுத் திரும்பினான்.

பிறகு இருவரும் வேலிக்கு நடந்தார்கள், அவன் அந்தப் பக்கத்திலிருந்து, இவள் இந்தப் பக்கத்திலிருந்து. பிஸ்கட்டைக் கட்டியிருந்த கம்பிக்கு முன்னால் வந்து நின்றார்கள். கழுத்துப் பட்டை அவன் கையில் இருந்தது. மண்ணும் கொழுப்புமாக இருந்தான். அழுதிருப்பான் போலிருந்தது, நாய்க்காக அல்ல.

"அதுக்கு நான் பல்லு வெளக்கி விட்டுத்தான் புதைச்சேன்" என்றாள் வெர்னா. "பல்லுல ஒரு இழை கம்பளி இல்ல கிளாரி."

அவன் கழுத்துப் பட்டையைக் கம்பி மேல் வைத்தான்.

"தெரியும்" என்றான்.

மன்றத்தில் சொன்ன "தெரியாது" என்பதை விட அந்த ஒரு "தெரியும்"தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. பட்டையை எடுத்துக்கொண்டாள்.

"நிலம் விலைக்கு இல்ல" என்றாள். "உன்னுதை விக்கறதா இருந்தா சொல்லியனுப்பு."

மணி ஐந்து ஆனது. கெடு முடிந்துவிட்டது. பட்டிக்கு ஓட்ட வேண்டிய ஆடுகள் மூலைக்கு மூலை நின்றன. நாய் இல்லாமல் இருட்டுகிற வரை ஆகும். வெர்னா பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, விசில் அடித்தபடி, தானே ஓடி ஓடி அவற்றைத் திரட்ட ஆரம்பித்தாள்.